திருகோணமலையில் மழையை வாசிப்பது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் உப்புவெளியில் குடியேறிய முதல் ஓகஸ்ட் மாதம். ஒரு சனிக்கிழமை காலை, வானத்தில் பஞ்சுத் துண்டளவு முகில்கூட இல்லை. பெட்டியில் கிடந்து பூஞ்சணம் பிடித்திருந்த அம்மாவின் புத்தகங்களை முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் பரப்பினேன். வெளியே கிளம்புமுன் கடலை ஒருமுறை பார்த்தேன். அலையே இல்லாமல் கிடந்தது. வேலியடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஐயா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, காலையிலிருந்து கச்சான் காற்று விழுந்துபோய்க் கிடக்கிறது. பின்னேரத்துக்கு முன் எடுத்து வைத்துவிடுங்கள்" என்றார். காற்று விழுந்தால் மழை எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். நாலரை மணிக்கு நிலாவெளியிலிருந்து திரும்பும்போது கன்னியாப் பக்கத்து வானம் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. வீடு வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சில புத்தகங்களின் தாள்களை இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

நான் கடலைப் பார்த்தேன். மழையோ என் முதுகுப் பக்கமாக, தரையிலிருந்து வந்தது. அந்த நட்டத்திலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், வளாகத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பி வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்றைக்கு மழை வருமா?" இந்த ஊரில் அதைக் கேட்பதோடு நின்றுவிட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எந்த வகை மழை, எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில் என்று கேட்கப் பழகிவிட்டால் வானொலியில் வாசிக்கும் எதிர்வுகூறல் உங்களுக்குப் பயன்படத் தொடங்கும்.

முதல் படி: எந்தக் காற்றுக்காலத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவப்பெயர்ச்சி. இந்த நான்கையும் மனப்பாடம் செய்வது எளிது. கொழும்பிலோ காலியிலோ இருந்து வந்தவருக்கு அவற்றைத் தலைகீழாக மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் கடினம்.

ஜூன் மாதத்தில் கொழும்பு நனையும்போது நமக்கு வெயில் கொளுத்தும். தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வந்து மத்திய மலைநாட்டில் மோதி ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வறண்டு, அமுங்கிச் சூடேறிய காற்று. கிழக்கிலே கச்சான் என்று நாம் சொல்வது இதைத்தான். யாழ்ப்பாணத்தவர் சோளகம் என்பார்கள். கச்சான் வீசும் நாட்களில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது புதிதல்ல. துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்து விறைத்துவிடும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் உல்லாசப் பயணிகள் வருவதும், மேற்குக் கரை மீனவர்கள் வாடி அடித்துத் தங்க வருவதும் இந்த மாதங்களில்தான்.

ஒக்டோபரில் கச்சான் ஓய்கிறது. பிறகு வடகிழக்கிலிருந்து வாடை பிடிக்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வருவதால் வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, முதலில் கண்ட தரையான நம்மிடம் இறக்கிவைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெறும் ஊர் இது. அதில் பாதிக்கும் மேல் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி முடியும்வரை விழுந்துவிடுகிறது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்களில் பெரும்போகம் இந்த மழையை நம்பியே விதைக்கப்படுகிறது.

திசை தெரியத் திசைகாட்டி வேண்டாம். வீட்டு வாசலில் ஒரு துணிக்கீற்றைக் கம்பில் கட்டிவிடுங்கள். அது கடலை நோக்கிப் பறந்தால் கச்சான் காலத்துக் கணக்கு. கடலிலிருந்து ஊரை நோக்கிப் பறந்தால் வாடைக் கணக்கு அல்லது பகல் நேரக் கடற்காற்று. துணி அசையாமல் தொங்கினால் அந்த ஐயா சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஒரு துளி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு நேரே எதிர்வுகூறலுக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். தூறல், அடைமழை, இடிமழை என்று அறிவிப்பில் வரும் சொற்களுக்குப் பின்னால் வெவ்வேறு பிறப்புகள் இருக்கின்றன.

கடற்கரைக் கடையில் குளிர்ந்த சோடாப் போத்தல் ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் போத்தல் வியர்க்கும். அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. காற்று குளிர்ந்தால் அதில் ஆவியாக இருந்த நீருக்கு இடம் போதாமல் திரவமாகிறது. வானத்தில் இந்தக் குளிர்ச்சியைத் தருவது உயரம். மேலே போகும் காற்று விரிவடைகிறது. விரிவதால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் 30 பாகையில் இருக்கும் காற்று அறுநூறு மீற்றர் அளவு ஏறினாலே நீர் ஒடுங்கத் தொடங்கிவிடும். முகிலின் அடிப்பகுதி சமமாக வெட்டி வைத்ததுபோல் தெரிகிறதே, அந்த மட்டம்தான் அது.

ஒடுங்குவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். தூசு, புகை, எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. டச்சு வளைகுடாப் பக்கம் அலை உடையும்போது தெறிக்கும் நீர்த்திவலைகள் காற்றிலேயே காய்ந்து நுண்ணிய உப்புத் துகள்களாக மேலே போகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை மழைக்காலத்தில் உப்புச் சாடியைத் திறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தத் துகளைச் சுற்றி நீர் படிந்தால் ஒரு முகில்துளி. அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. விநாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில்தான் இறங்கும். சின்னக் காற்று அடித்தாலும் மேலே போய்விடும். அதனால்தான் முகில் விழாமல் நிற்கிறது.

உங்கள் கையில் விழும் சாதாரண மழைத்துளி 2 மில்லிமீற்றர். அதைச் செய்யப் பத்து இலட்சம் முகில்துளிகள் ஒன்று சேர வேண்டும். அவை சேரும் வழிகள் இரண்டு.

ஒன்று மோதிச் சேர்வது. சற்றே பெரிய துளி வேகமாக இறங்கி, கீழே இருக்கும் சிறியவற்றை விழுங்கிக்கொண்டே வருகிறது. நம்மைப் போன்ற வெப்பமான கடலோரங்களில், உச்சிகூட உறையாத தாழ்ந்த முகிலிலிருந்தும் இப்படி நல்ல மழை பெய்துவிடும். வாடைக்காலத்தில் கடலிலிருந்து பட்டை பட்டையாக வந்து பத்து நிமிடம் பெய்து, நின்று, மறுபடி பெய்யும் மழையில் இதன் பங்கு பெரிது. முகில் மெல்லியதாக இருந்தால் துளிகள் வளர வழியிருக்காது. அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த அளவிலேயே இறங்கிவிடும். அது தூறல். அதன் வேகம் மனிதன் நடக்கும் வேகத்துக்கும் கூடாது. காற்றடித்தால் பக்கவாட்டில் பறக்கும். டிசம்பரில் கடற்கரை வீதியில் குடையோடு நடந்து, குடைக்குக் கீழே நனைந்து வந்தவர்களுக்கு அது தெரியும். இந்த மாதங்களுக்குக் குடையைவிட மழையங்கிதான் உதவும்.

இரண்டாவது வழி பனிக்கட்டி. வியப்பாக இருக்கும், ஆனால் நிலாவெளி மணலில் ஏப்ரல் மாத மாலையில் சூடாக விழும் பெருந்துளிகளில் பல, மேலே பனிப்படிகமாக வாழ்வைத் தொடங்கியவை. நமக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பம் பூச்சியத்துக்கு வருகிறது. இடிமுகில் 15 கிலோமீற்றர் வரை வளரும். ஆகவே அதன் மேல்பாதி முழுவதும் உறைநிலைக்குக் கீழே. அங்கே நீர்த்துளிகள் உடனே உறைந்துவிடுவதில்லை. பூச்சியத்துக்குக் கீழேயும் திரவமாகவே நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றிவிட்டால், காற்றிலுள்ள ஆவி அதன்மீது விரைந்து படிகிறது. பக்கத்துத் துளிகள் ஆவியாகி மெலிகின்றன, படிகம் கொழுக்கிறது. இதை 1930களில் விளக்கியவர் சுவீடன் நாட்டு வானிலையாளர் தோர் பெர்ஜெரோன். கொழுத்த படிகம் கீழே விழும்போது ஐந்து கிலோமீற்றர் மட்டத்தைத் தாண்டியதும் உருகி மழையாகிறது. மேலெழும் காற்று மிகவும் வலுவாக இருந்தால் படிகத்தைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளி, தோலுக்கு மேல் தோலாக நீர் உறைய வைத்துவிடும். அதுதான் ஆலங்கட்டி. நம் ஊரில் அது தரைக்கு வருமுன் பெரும்பாலும் உருகிவிடுகிறது.

கனடாவில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் வானிலை பற்றிச் சொல்லும்போதெல்லாம், அங்கே நடப்பதும் இதே வேலைதான் என்பது எனக்குத் தோன்றும். உருகும் மட்டம் நம்மிடம் ஐந்து கிலோமீற்றர் உயரத்தில். அங்கே குளிர்காலத்தில் அது தரைக்கே இறங்கிவிடுகிறது, படிகம் உருகாமல் வந்தால் பனிமழை. நடுவில் ஒரு சூடான காற்றுப் படை இருந்து படிகம் உருகி, கீழே தடித்த குளிர்ப் படையில் மறுபடி உறைந்தால் கண்ணாடி மணிபோல் துள்ளும் பனிக்குறுணி. கீழே உள்ள குளிர்ப் படை மெல்லியதாக இருந்தால் துளி உறைய நேரமின்றி நீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் உறைந்துவிடும். பார்க்க வெறும் மழை. ஆனால் மின்கம்பியையும் மரக்கிளையையும் முறிப்பது அதுவே. 1998 ஜனவரியில் மொன்றியலும், 2013 டிசம்பரில் ரொறன்ரோவும் இருளில் கிடந்தது இந்த உறைமழையால்தான்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நாம் சொல்லும் பனி வேறு. அது மேலிருந்து பெய்வதே இல்லை. தெளிந்த இரவில் புல்லும் தகரமும் வெப்பத்தை இழந்து குளிர, அவற்றைத் தொட்ட காற்றின் ஈரம் அங்கேயே படிகிறது. சோடாப் போத்தலில் பார்த்ததேதான். காலையில் மோட்டார் சைக்கிள் இருக்கை நனைந்திருந்தால் இரவில் முகில் இல்லை என்று பொருள்.

மூன்றாம் படி: எதிர்வுகூறலைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

திணைக்களத்தின் எதிர்வுகூறல் தமிழிலும் வெளிவருகிறது. நாளுக்குப் பல தடவை புதுப்பிக்கப்படுகிறது. நேற்று இரவு யாரோ அனுப்பிய படத்தை இன்று காலை படிக்காதீர்கள். திகதியையும் நேரத்தையும் முதலில் பாருங்கள்.

அடுத்ததாக இடம். திருகோணமலை சில நாட்களில் "கிழக்கு மாகாணம்" என்பதற்குள் அடங்கும், சில நாட்களில் மாவட்டமாகத் தனியே பெயர் சொல்லப்படும். "சில இடங்களில்" என்று இருந்தால் மாவட்டத்தின் பெரும்பகுதி காய்ந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கந்தளாயில் கொட்டும் மழை உங்கள் வாசலுக்கு வராமல் போனால் அறிவிப்பு பிழைத்துவிட்டது என்று ஆகாது.

பிறகு மழையின் குணம். "பல தடவைகள் மழை பெய்யும்" என்பது வாடைக்காலத்துச் சொல்: விட்டு விட்டு, நாள் முழுதும், பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் கனத்து. இரவில் தரை குளிர்ந்து, கரையிலிருந்து கடலுக்குப் போகும் மெல்லிய காற்று வாடையோடு கரையருகே முட்டுவதால் முகில் அங்கே எழுகிறது. பள்ளிக்கூட நேரத்தில் மழை பிடிப்பதும் பத்து மணிக்கு வெளிப்பதும் இதனால்தான். "பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை" என்பது முற்றிலும் வேறு. காலை வேலைகள் அனைத்தையும் முடித்துவிடலாம், மாலையில்தான் கவனம். அந்த மழை வருமானால் ஒரு மணித்தியாலம் கொட்டும், வராவிட்டால் சொட்டும் விழாது.

எண்களையும் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் தரையில் ஒரு லீற்றர் தண்ணீர். "50 மில்லிமீற்றருக்கும் அதிகமான ஓரளவு பலத்த மழை" என்று கேட்டால் உங்கள் கூரையை நினையுங்கள்: நூறு சதுர மீற்றர் கூரையில் 5,000 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஐந்து நிறையும். பீலியில் இலைக்குப்பை அடைத்திருந்தால் அந்த நீர் எங்கே போகும் என்று ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள். 100 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் பலத்த மழை, தாழ்ந்த வீதிகளில் நீர் நிற்கும். 150 சொல்லப்பட்டால் அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஜூன், ஜூலையில் "திருகோணமலை, ஹம்பாந்தோட்டை மாவட்டங்களில் மணித்தியாலத்துக்கு 40 முதல் 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்று" என்று வரும். இதைக் கேட்டு மழை வரும் என்று உடுப்பை எடுத்து மடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கச்சான் அறிவிப்பு. மழையோடு அதற்குத் தொடர்பில்லை. தகரக் கூரையைக் கட்டுங்கள், குப்பைக்குத் தீ வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனி அறிவிப்பு இருக்கிறது. "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்ற சொற்றொடரைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். புறாத்தீவுக்குப் படகில் போகும் குடும்பமும் இதைத்தான் கேட்க வேண்டும். தரையில் வெயில் என்பது படகுக்குப் போதாது.

நான்காம் படி: கைபேசிச் செயலியை அதன் அளவில் நம்புங்கள்

கைபேசியில் காட்டும் சூரியப் படமும் முகில் படமும் பெரும்பாலும் மனிதர் பார்த்துப் போட்டவை அல்ல. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினி போட்ட கணக்கு அது. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மற்றவற்றில் இன்னும் பெரிது. உப்புவெளிக் கடலும் கன்னியாப் பக்கத்துக் காடும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். ஓர் இடிமுகில் சில கிலோமீற்றர் அகலமே உடையது. அது எந்த ஊரின் மேல் எழும் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது.

"40 வீதம்" என்பதையும் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளின் நாற்பது வீத நேரம் மழை என்பதல்ல, பாதி ஊர் நனையும் என்பதும் அல்ல. இதே போன்ற பத்து நாட்கள் வந்தால் அவற்றில் நான்கில் உங்கள் இடத்தில் மழை பெய்யும் என்பது பொருள். கல்யாணப் பந்தலுக்கு நாற்பது மிக அதிகம். துணி துவைக்க அது ஒரு தடையே அல்ல.

அடுத்த சில மணித்தியாலங்களுக்குச் செய்மதிப் படம் மேலானது. ஜப்பானின் ஹிமாவாரி செய்மதி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம்மைப் படமெடுக்கிறது. படங்களை வரிசையாக ஓடவிட்டு வெள்ளைத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: மேற்கே திரும்பி நில்லுங்கள்

இப்போது காற்று விழுந்த கதைக்கு வருகிறேன். கச்சான் வலுவாக வீசும் நாளில் அது கடற்காற்றைத் தரைக்குள் நுழைய விடாது. கச்சான் தளர்ந்த நாளில் கடற்காற்று கரையைத் தாண்டி உள்ளே போகிறது. தரைப்பக்கத்திலிருந்து வரும் சூடான காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் கந்தளாய், ஹொரவப்பொத்தானைப் பக்கங்களில் எங்கேயாவது முட்டிக்கொள்கின்றன. முட்டிய காற்றுக்குப் போக மேலே தவிர வழியில்லை. பாடப் புத்தகம் மேற்காவுகை மழை என்று சொல்வது இப்படித்தான் பிறக்கிறது. எழுந்த முகிலை உயரத்து மேல்காற்று கிழக்கே, நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஐயா வேலியடியில் இருந்தபடி இதை ஒரு வரியில் சொல்லியிருந்தார்.

மார்ச் முதல் ஒக்டோபர் வரை, பகல் ஒரு மணிக்கு ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும் மேற்கு வானத்தைப் பாருங்கள். கோலிஃபிளவர்போல் விளிம்பு கூர்மையாகப் பொங்கும் முகில் வளர்ந்துகொண்டிருக்கிறது. தலை தட்டையாகி, ஓரம் நார்நாராகக் கலைந்து பரவியிருந்தால் உச்சி உறைந்துவிட்டது; கீழே மழை தொடங்கியிருக்கும். அடிப்பகுதி கறுத்து, அதிலிருந்து தரைக்குச் சாம்பல் நிறத் திரை தொங்கினால் அதுவே மழை. திரைக்குப் பின்னாலிருக்கும் மலைவிளிம்பு மறைகிறதா, தெளிகிறதா என்று பார்த்தால் அது நெருங்குகிறதா விலகுகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசி அறிவிப்பு மூக்குக்கு வரும். திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று மண் மணத்தோடு முகத்தில் அடிக்கும். விழும் மழையின் ஒரு பகுதி வழியில் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்ய, பாரம் கூடிய அந்தக் காற்று தரையில் விழுந்து மழைக்கு முன்னால் ஓடி வருகிறது. அது முகத்தில் பட்டபின் உங்களிடம் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. கொடியில் கிடப்பதை எடுங்கள், யன்னலைச் சாத்துங்கள்.

மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். இடி கேட்கும்வரை எண்ணிய எண்ணை மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் கிடைக்கும். முப்பதுக்குள் கேட்டால் வெளியில் நிற்கவே கூடாது. கடற்கரை, வயல்வெளி, தோணி மூன்றும் ஆளைத் தனித்து உயர்த்திக் காட்டும் இடங்கள். தனி மரத்தடியும் அப்படித்தான். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்தே திரும்பிப் போங்கள். மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் மின்னல் மிகுந்த மாதங்கள்.

ஆறாம் படி: நீங்களே அளந்து பாருங்கள்

ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் தோள்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, புனல்போல் அதே போத்தலின் வாயில் வையுங்கள். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் மட்டம்வரை நீர் ஊற்றுங்கள். அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு. அதற்கு மேல் அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர்க் கோடுகள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, காற்றில் விழாதபடி செங்கல் நடுவே நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8.30க்குப் படித்து எழுதிவிட்டு நீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நிலையங்களில் நாள் மழை அளக்கப்படும் நேரமும் அதுவே. ஆகவே உங்கள் எண்ணை அறிவிப்பிலுள்ள எண்ணோடு நேராக ஒப்பிடலாம்.

என் கொப்பியில் ஒரு பக்கத்தில் எதிர்வுகூறல், மறுபக்கத்தில் போத்தல் சொன்னது. ஒரு மாரி முழுக்க எழுதியபோதுதான் "சில இடங்களில்" என்ற சொல் எவ்வளவு நேர்மையானது என்று எனக்குப் புரிந்தது.

ஏழாம் படி: தாழமுக்கம் என்று கேட்டால்

நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவது வழக்கம். அதன் பெரும்பகுதி நமக்கு இரண்டு மூன்று நாள் அடைமழை மட்டுமே தரும். காற்று மணிக்கு 63 கிலோமீற்றரை எட்டினால் அது சூறாவளி; அப்போது ஒரு பெயர் சூட்டப்படும். பெயர் வந்துவிட்டதா என்று கேட்டுப் பழகுங்கள், ஆனால் பெயர் இல்லாத தாழமுக்கமும் வெள்ளம் தரும்.

இந்தக் கரை அவற்றை அறியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நம் வடகிழக்கையும் கடந்தே போனது. 2000 டிசம்பர் 26இல் ஒன்று திருகோணமலைக் கரையேறியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிப் பக்கமாக உள்ளே வந்தது.

சூறாவளி கிழக்கிலிருந்து நெருங்கும்போது காற்று முதலில் வடக்கிலிருந்து வரும். அது மெல்ல மேற்குக்குத் திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. கிழக்குக்குத் திரும்பினால் தெற்கே கடக்கிறது, கடல் நீர் கரைக்குத் தள்ளப்படும், கரையோர வீடுகளுக்கு ஆபத்து கூடுகிறது. வலுத்த காற்று சட்டென நின்று வானம் வெளித்தால் வெளியே வராதீர்கள். மையம் உங்கள் தலைக்கு மேலே இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே பலத்தோடு அடிக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைபேசியில் இப்போதே பதிந்துவையுங்கள். மின்சாரம் போகுமுன் கைபேசியை நிறைத்துக்கொள்ளுங்கள்.

மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் வீடு எடுத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மகாவலி மலைநாட்டில் பிறந்து கொட்டியார் குடாவில் கடலைச் சேர்கிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழை இங்கே வந்து சேர நாள் எடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டு வெள்ளம் இந்த வழியாகத்தான் இறங்கியது. உங்கள் போத்தலில் பூச்சியம் இருக்கும்போதும், துணி வெயிலில் காயும்போதும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். எனவே மழை நின்ற பிறகும் நீர்ப்பாசனத் திணைக்களம் விடுக்கும் ஆற்று நீர்மட்ட அறிவிப்பை இரண்டு மூன்று நாட்கள் விடாமல் கேளுங்கள். உயரத்தில் வைத்த அரிசி மூடையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அதுவரை கீழே இறக்காதீர்கள்.